வேறுபாடு இல்லை என்று நான் எழுதிக் கொடுத்த தாள்

2017 அக்டோபர் 12, வியாழக்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். தண்ணீர் மோட்டாரைப் போட்டு இருபது நிமிடத்தில் நிறுத்தினேன். ஆறு மணிக்குக் காபி. ஏழு பத்துக்கு நான்கு சட்டைகளை எடுத்துக்கொண்டு தெருமுனை இஸ்திரி வண்டிக்குப் போனேன். ஏழு நாற்பத்திரண்டு மின்சார ரயிலில் திருமுல்லைவாயிலில் ஏறினேன். பட்டரவாக்கத்தில் இறங்கி, அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் பதினோரு நிமிடம் நடந்து, எட்டு மணி இரண்டு நிமிடத்துக்கு நிலையத்தின் பதிவேட்டில் கையெழுத்திட்டேன்.

டைரியில் அன்றைய பக்கம் இப்படித்தான் தொடங்குகிறது. மற்ற நாட்களின் பக்கங்களும் ஏறக்குறைய இப்படியே தொடங்கும். ஆனால் அன்றைய பக்கம் மட்டும் கீழ்விளிம்பு வரை எழுதப்பட்டு, பக்கவாட்டிலும் தொடர்கிறது.

விருப்ப ஓய்வு பெற்று மூன்று ஆண்டுகள் ஆன என்னைப் போன மாதம் நிலையத்துக்கு அழைத்து, ஒலிப்பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேசச் சொன்னார்கள். இருபத்தாறு ஆண்டுகள் மற்றவர்கள் பேசுவதைச் சரிசெய்து அனுப்பியவனுக்கு, தானே பேச வரவில்லை. தேநீர் ஆறிக்கொண்டிருந்தபோது உங்களில் ஒருவர் கேட்டார்: "சார், எஃப்.எம். சத்தம் எத்தனை கேபிபிஎஸ்-க்குச் சமம்? நூத்தி இருபத்தெட்டா, முந்நூத்தி இருபதா?" எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

கேள்வி நியாயமானது. கேபிபிஎஸ் என்பது ஒரு நொடி ஒலிக்குக் கணினியில் எவ்வளவு இடம் கொடுக்கிறோம் என்ற அளவு. இடம் குறையக் குறைய, காதுக்குத் தேவையில்லை என்று மென்பொருள் கருதுவதெல்லாம் கழிக்கப்படும். எஃப்.எம். அப்படிக் கழிப்பதில்லை. அதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. நொடிக்குப் பதினைந்தாயிரம் அதிர்வுக்கு மேல் அது எதையும் ஏற்றிக்கொள்ளாது. அதற்குக் கீழே கொடுப்பதையெல்லாம், கொஞ்சம் இரைச்சலையும் சேர்த்து, கொண்டுபோய்ச் சேர்க்கும். பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் சாலையில் நசரத்பேட்டையைத் தாண்டிப் போகும் பேருந்தில் எங்கள் நிலையம் மெல்ல மெல்ல மங்கும். முதலில் பின்னணியில் மழை பெய்வது போல் இரையும். பிறகு அந்த மழை பெருகும். அதற்குள்ளிருந்து ஒரு குரல் இன்னும் பேசிக்கொண்டிருக்கும். கைப்பேசியில் இணையம் வழியாக வரும் ஒலிக்கு அந்த மங்கல் தெரியாது. தெளிவாக இருக்கும், அல்லது இல்லாமல் போகும். அந்த மழை இரைச்சல்மீது எனக்கு இன்றும் ஆசை உண்டு. என் மனைவி இதைக் கேட்டால் சிரிப்பாள்.

ஆகவே இந்த எண் அந்த எண்ணுக்குச் சமம் என்று உங்களுக்கு என்னால் சொல்ல முடியாது. அப்படி ஒரு முறை சொல்லிவிட்டேன். அதில் கையெழுத்தும் போட்டேன்.

அந்த வியாழக்கிழமைக்கு ஓராண்டுக்கு முன் நிலையத்தின் சேமிப்புக் கணினி நிரம்பிவிட்டது. ஒலிநாடாக்களிலிருந்தும் குறுவட்டுகளிலிருந்தும் மாற்றிய பழைய நிகழ்ச்சிகள், அன்றாடப் பதிவுகள் எல்லாம் சுருக்கப்படாமல் முழு அளவில் கிடந்தன. நிர்வாகம் இடம் கேட்டது. நான் முறைப்படி ஒரு சோதனை வைத்தேன். ஒரே ஒலித்துண்டின் முழு வடிவத்தையும் அறுபத்து நான்கு கேபிபிஎஸ் சுருக்க வடிவத்தையும் பெயரில்லாமல் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டு, எது எது என்று சீட்டில் எழுதச் சொன்னேன். ஆறு பேர் கேட்டார்கள். எங்களிடம் இருந்ததிலேயே நல்ல ஹெட்போன், குளிரூட்டிய ஒலிக்கூடம். துண்டுகள் நான்கு: ஒரு நாதஸ்வரம், ஒரு மெல்லிசைப் பாடல், ஒரு தவில் தனி, ஓர் ஆண் குரலில் செய்தி வாசிப்பு. அந்த ஆண் குரல் என்னுடையதுதான். வேறு யாரும் அப்போது சும்மா இருக்கவில்லை.

ஆறு பேராலும் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. "காதுக்குக் கேட்கும்படியான வேறுபாடு எதுவும் இல்லை" என்று அறிக்கை எழுதி, ஆறு சீட்டுகளையும் பின்னால் இணைத்து, கீழே தேதியோடு கையெழுத்திட்டேன். அன்றைய டைரியில், "இன்று செய்த வேலை திருப்தி" என்று இருக்கிறது. அடுத்த இரண்டு மாதத்தில் எல்லாவற்றையும் அறுபத்து நான்குக்குச் சுருக்கி, மூலங்களை அழித்தோம். புதிய பதிவுகளும் அதே அளவில் சேர்ந்தன.

அறிவிப்பாளர் மஞ்சுளா அதற்குப் பிறகு வந்தவர். வேப்பம்பட்டிலிருந்து தினமும் ரயிலில் வருவார். அவருடைய தாத்தா கழனி வேலை செய்தவர். அப்பா இதே தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்படக் கூடத்தில் வேலை பார்த்தவர். மஞ்சுளா அதற்கு முன் பூந்தமல்லியில் ஒரு ஜவுளிக்கடையில் மைக் பிடித்து, இரண்டாம் தளத்தில் என்ன தள்ளுபடி, தொலைந்த குழந்தை எந்தக் கவுன்ட்டரில் நிற்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கடைக்குப் புடவை எடுக்கப் போன எங்கள் நிகழ்ச்சித் தலைவரின் மனைவி, குரலைக் கேட்டு வீட்டில் வந்து சொன்னார். அப்படித்தான் அவர் வானொலிக்கு வந்தார். ஆறு மாதத் தகுதிகாண் காலம். பிற்பகல் இரண்டு மணிச் சமையல் நிகழ்ச்சி அவருடையது. காலையில் பதிவு செய்து, இசை சேர்த்துத் தொகுத்து, இரண்டு மணிக்கு ஒலிபரப்புவோம். ஞாயிறு காலை மட்டும், வழக்கமான அறிவிப்பாளருக்கு விடுமுறை என்பதால், நேரலையில் ஒரு மணி நேரம் பேசுவார்.

இனி அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

இஸ்திரி வண்டிக்காரர் பெயர் ஏகாம்பரம். வண்டியின் கம்பியில் ஒரு சின்ன ரேடியோ எந்நேரமும் தொங்கும். நான் வானொலி நிலையத்தில் வேலை செய்பவன் என்பதால், ஒலிபரப்பாகும் ஒவ்வொரு சொல்லுக்கும் நானே பொறுப்பு என்பது அவருடைய முடிவு.

"சார், மத்தியானம் உங்க ரேடியோல ஒரு பொண்ணு சமையல் சொல்லுதே, அது இன்னா சார், தண்ணிக்குள்ள முழுகிக்கினு பேசறா மாரி கீது?"

"உங்க பெட்டி பழசாயிடுச்சு, ஏகாம்பரம்."

"பெட்டி பழசுன்னா எல்லாரும்ல முழுகணும்? மத்தவன்லாம் கரைல நின்னுகினுதான பேசறான்."

"சரி, பாக்கறேன்."

"இதே பொண்ணு நாயித்துக்கெழம காலைல வருது. அப்போ ஷோக்கா கீது சார். நாயித்துக்கெழம மட்டும் தல தொவட்டிக்கினு வருதோ இன்னாவோ."

சிரித்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு இருபத்தாறு. சட்டைகளை எண்ணிக் கொடுத்துவிட்டு ரயிலுக்குக் கிளம்பினேன். ஒரு முழுத் துப்பையும் என் கையில் கொடுத்திருந்தார் அவர். அதை நான் நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு நடந்தேன்.

பத்து மணி பத்து நிமிடத்துக்கு நிகழ்ச்சித் தலைவர் கூப்பிட்டார். பத்திரிகையிலிருந்து வானொலிக்கு வந்தவர். என்னைவிட ஐந்து வயது இளையவர். எவரையும் மனம் நோகப் பேசாதவர். மேசையில் ஒரு கோப்பு இருந்தது.

"மஞ்சுளா விஷயம் சார். ஆறு மாசம் நாளையோட முடியுது. 'ச' வந்தா போதும், விசில் அடிக்குது. கேக்கறவங்க போன் பண்ணிச் சொல்றாங்க, லெட்டர் போடறாங்க. நானும் மூணு தடவ சொல்லிப் பாத்துட்டேன். மைக் வேணாம், விளம்பர அட்டவணைக்கு மாத்திடலாம்னு இருக்கேன். அவங்களுக்கு இஷ்டமில்லன்னா அனுப்பிட வேண்டியதுதான்."

"நாளைக்கேவா?"

"நாளைக்குக் கடிதம் கொடுத்தாகணும். டெக்னிகல் குறை எதுவும் இல்லைன்னு உங்க கையெழுத்து ஒண்ணு வேணும். சும்மா ஒரு ஃபார்மாலிட்டி."

சும்மா கையெழுத்திடும் வழக்கம் எனக்கு இல்லை. ஒலிக்கூடத்துக்குப் போய், முந்தைய நாள் நிகழ்ச்சியைக் கணினியில் திறந்து, ஹெட்போனில் நான்கு நிமிடம் கேட்டேன். 'ச' கொஞ்சம் கரகரத்தது. மற்றபடி குறையில்லை. சிலருக்கு நாக்கு அப்படித்தான் என்று நினைத்தேன். திரும்பி வந்து கையெழுத்திட்டேன். டைரியில் "10.24, ம. படிவம்" என்று மட்டும் இருக்கிறது. ஒருவருடைய பிழைப்பை அந்த ஒற்றை எழுத்தில் அடக்கியிருக்கிறேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு மஞ்சுளா என் அறை வாசலில் வந்து நின்றார். ஒலிக்கூடத்தின் நேர ஒதுக்கீடு என் பொறுப்பு.

"சார், நாளைக்கு என் ரெக்கார்டிங்க பன்னெண்டு மணிக்குத் தள்ளி வைக்க முடியுமா?"

"என்னம்மா, வீட்டுல ஏதாவது விசேஷமா?"

"இல்ல சார். ஆவடியில பல் டாக்டர். பத்து மணிக்கு டோக்கன்."

"பல் வலியா?"

"வலில்லாம் இல்ல. முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சந்து இருக்குல்ல, அது வழியாத்தான் விசில் வருதுன்னு புரோகிராம் ஹெட் சார் சொன்னாரு. ரெண்டு பல்லையும் கொஞ்சம் ராவிட்டு மேல மூடி போட்டா சரியாப் போயிடும்னு டாக்டர் சொல்றாரு. ராவுனா திரும்ப வளராதாம். பரவால்ல, எனக்கு மைக்தான் வேணும்."

காலையில் நான் கையெழுத்திட்ட படிவத்தைப் பற்றி அவருக்குத் தெரியாது. மறுநாள் பத்து மணிக்குப் பல்லை ராவிக்கொண்டு, பன்னிரண்டு மணிக்குப் பதிவுக்கு வந்து, மாலையில் கடிதத்தை வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

அவர் கையிலிருந்த தாளைக் கேட்டு வாங்கினேன். அன்றைய நிகழ்ச்சிக்கு அவர் எழுதியது. பாதிச் சொற்கள் சிவப்பு மையில் அடித்து மாற்றப்பட்டிருந்தன. சமையல் என்பது அடுக்களை ஆகியிருந்தது. சோறு, அன்னம். சனிக்கிழமை, வாரக் கடைசி. சர்க்கரை, வெல்லம்.

"இதெல்லாம் எதுக்கு மாத்தியிருக்க?"

"'ச' வராம எழுதறேன் சார். ஒரு மாசமா இப்படித்தான். பழகிடுச்சு. சேமியாவுக்குத்தான் வேற பேரு கெடைக்கல. அதனால இன்னிக்கு அந்தப் பாயசத்தையே தூக்கிட்டு, பால் கொழுக்கட்டை போட்டுட்டேன்." தாளை மடித்துக்கொண்டே, "தமிழ் நல்லா இருக்குதுன்னு ஒரு தமிழ் வாத்தியாரு லெட்டர் கூட போட்டுக்கீறாரு" என்றார். அலுவலகத்தில் அளந்து பேசுபவர். அந்தக் கடைசிச் சொல்லில் வேப்பம்பட்டு எட்டிப் பார்த்தது.

"ஞாயித்துக்கிழமை நேரலையிலும் இப்படி மாத்தித்தான் பேசுவியா?"

"நேரலையில எங்க சார் மாத்தறது? போன் பண்றவங்க என்ன கேக்கறாங்களோ அதுக்கு வாயில வர்றத சொல்ல வேண்டியதுதான். ஆனா ஞாயித்துக்கிழம யாரும் குறை சொன்னதில்ல. அன்னிக்குப் பெரியவங்க யாரும் ஆபீசுல இல்ல, அதனால பயமில்லாம பேசறேன் போல."

தலை துவட்டிக்கொண்டு வருகிறது என்று ஏகாம்பரம் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை மாறுவது நாக்கு இல்லை. பல் சந்தும் ஞாயிற்றுக்கிழமைக்கென்று மூடிக்கொள்வதில்லை. மாறுவது வழி மட்டும்தான். ஞாயிறு அவர் குரல் மைக்கிலிருந்து நேராகப் போகிறது. மற்ற நாட்களில் அது கணினிக் கோப்பாகி, காத்திருந்து, பிறகு போகிறது.

இரண்டு மணிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஒரு ரேடியோ பெட்டி தேடினேன். நீங்கள் நம்பமாட்டீர்கள், அந்த வானொலி நிலையத்தில் ஒரு சாதாரண ரேடியோ கூட இல்லை. முன்பெல்லாம் ஒரு வழக்கம் இருந்தது. பணியில் இருக்கும் பொறியாளர் மணிக்கு ஒரு முறை, சாதாரணப் பெட்டி ஒன்றில், காற்றில் வரும் ஒலியைக் கேட்டுக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். கணினி வந்த பிறகு திரையில் பச்சைக் கோடுகள் ஆடினால் போதும் என்று ஆனது. அந்தக் குறிப்பேட்டை மூடி அலமாரியில் வைத்ததும் நான்தான். எதையும் எழுதி வைக்கும் எனக்கு, அதை எழுதுவது மட்டும் வீண் வேலையாகத் தோன்றியிருக்கிறது.

கடைசியில் கீழே நின்ற நிலையத்து வேனின் சாவியை வாங்கிக்கொண்டு போனேன். அதில் ரேடியோ இருந்தது. வெயிலில் இருக்கை கொதித்தது. இரண்டு மணிக்கு நிகழ்ச்சி தொடங்கியது.

'ச' இல்லாமல் எழுதினாலும் தமிழில் எங்கேயாவது ஒரு 'ச' ஒளிந்திருக்கும். "வாசனை" என்றார். அந்தச் சொல்லின் நடுவில் யாரோ ஒரு சோடா பாட்டிலைத் திறந்து குலுக்கியது போல் இருந்தது. "பிசைந்து" என்றார். மறுபடியும் அதே நுரை. சொற்களைச் சுற்றி ஒரு சலசலப்பு ஓடிக்கொண்டே இருந்தது. இடையில் அன்றைய பணி அறிவிப்பாளர் நேரலையில் வந்து நேரம் சொன்னார். அவர் கரையில் நின்றார். மஞ்சுளா மறுபடி தண்ணீருக்குள் போனார்.

நடந்தது இதுதான். பதிவு செய்தபோது குரல் ஒரு முறை சுருக்கப்பட்டது. இசை சேர்த்துத் தொகுத்துச் சேமித்தபோது, சுருங்கியது மறுபடியும் சுருங்கியது. ஸ்டூடியோவிலிருந்து ஒலிபரப்புக் கோபுரத்துக்கு அனுப்பும் இணைப்பிலும் ஒரு சுருக்கம் உண்டு, அது மூன்றாவது. நகலை நகலெடுத்து, அதையும் நகலெடுத்த தாள் மாதிரி. பிறகு கோபுரத்தில் இருக்கும் கருவி, ஒலிபரப்புக்காக மெல்லிய ஒலிகளைத் தூக்கிவிடும். அப்போது, கழிக்கப்பட்ட இடங்களில் தேங்கியிருந்த கசடும் சேர்ந்து மேலே வரும். பெண் குரலின் 'ச'வில்தான் அது அதிகம் தெரியும். பேச்சுக்கென்று நான் சோதனைக்கு வைத்தது என் குரலை மட்டும். ஒரு முறை மட்டும் சுருக்கி. கோபுரத்துக்கு அனுப்பாமல். ஹெட்போனில். நான் அளந்ததில் பிழை இல்லை. எங்கள் நேயர் ஒருவர்கூட உட்கார்ந்திராத இடத்தில் உட்கார்ந்து அளந்தேன்.

இரண்டரை மணிக்கு மாடிக்குப் போனேன். மூன்று மணிக்கு நேரம், வெப்பநிலை சொல்லும் ஒரு நிமிட நேரலை உண்டு. பணி அறிவிப்பாளரிடம் அந்த ஒரு நிமிடத்தை மஞ்சுளாவுக்குக் கேட்டு வாங்கினேன். மஞ்சுளாவிடம், "நீ தூக்கிப்போட்ட சேமியா பாயசத்தை அப்படியே படி. ஒரு சொல்லும் மாத்தாதே" என்றேன்.

"வேணாம் சார். நாளைக்கு கன்ஃபர்மேஷன். இன்னிக்குப் போயி விசில் அடிச்சா..."

"அடிக்காது."

"அடிச்சா?"

ஏற்கெனவே ஒரு முறை உறுதியாகத் தெரியும் என்று எழுதிக் கொடுத்தவன்தானே நான். "அடிச்சா அது என் தலையில்" என்றேன்.

பிறகு நிகழ்ச்சித் தலைவரை வேனுக்கு அழைத்து வந்தேன். சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டே ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். "என்ன சார், எங்கேயாவது கூட்டிட்டுப் போறீங்களா?" என்றார். பக்கத்துப் பட்டறையில் தகடு வெட்டிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டேன். இருவருக்கும் வியர்த்தது.

மூன்று மணி. குரல் வந்தது. முதல் சொல்லில் அவர் தயங்கியது தெரிந்தது. பிறகு, "சேமியாவை நெய்யில் சிவக்க வறுத்து, சர்க்கரை சேர்த்து, சுண்டக் காய்ச்சிய பாலில்..." என்று போனது. ஒவ்வொரு 'ச'வும் கத்தரித்த நூல் போல் வந்து விழுந்தது. ஒரு நிமிடம் முடிந்து விளம்பரம் வந்தது.

நிகழ்ச்சித் தலைவர் ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது வேற மைக்கா சார்?"

"அதே மைக்."

"மஞ்சுளாதானா?"

"மஞ்சுளாதான்."

"அப்ப எதுதான் சார் விசில் அடிச்சது?"

"கோப்பு. நான் எழுதிக் கொடுத்த அறுபத்து நாலு."

ஒரு முழு ஆண்டு அந்த அறிக்கையைக் காட்டித்தான் அவர் நிர்வாகத்திடம் இடம் மிச்சமானதைச் சொல்லியிருந்தார். "வேறுபாடு இல்லைன்னு ஆறு பேர் சீட்டோட கொடுத்தீங்களே சார்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "உங்க கையெழுத்துன்னா நான் ரெண்டாவது தடவ படிச்சுக்கூடப் பாக்கறதில்ல."

மூன்று இருபதுக்கு அவர் அறையில், காலையில் கொடுத்த படிவத்தைத் திரும்ப வாங்கிக் குறுக்கே கோடு போட்டு, "தொழில்நுட்பக் குறை உண்டு, என் ஒப்பீடு தவறு" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஓராண்டுக்கு முந்தைய அறிக்கைக்கும் அதே போல் ஒரு திருத்தம் எழுதி, எல்லோரும் பார்க்கும் பலகையில் ஒட்டினேன். பணி நிரந்தரக் கடிதத்தை மறுநாளே கொடுப்பதாக அவர் சொன்னார். பதிவு முறை சரியாகும் வரை மஞ்சுளாவை நேரலையிலேயே வைப்பது என்றும், மறுநாள் காலை ஆறரை மணி நிகழ்ச்சியிலிருந்தே அதைத் தொடங்குவது என்றும் முடிவானது.

ஆனால் சரிசெய்ய முடியாத ஒன்று இருந்தது. அதையும் உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். சுருக்கி மூலத்தை அழித்துவிட்ட பழைய பதிவுகள் போனது போனதுதான். அவற்றை முந்நூற்றிருபதில் திரும்பச் சேமித்தாலும் கழிந்தது வராது. ஒலிநாடாக் காலத்தில், பிளேடால் வெட்டிப் பசைநாடா ஒட்டி நாங்கள் தொகுத்த நேர்காணல்கள் அவற்றில் இருந்தன. ஆவடித் தொழிற்சாலைக் குடியிருப்பில் தஞ்சாவூர்க்காரரும் நாகர்கோவில்காரரும் பக்கத்துப் பக்கத்து வீட்டிலிருந்து பேசிய பேச்சு இருந்தது. அந்த நாடாக்களில் இரைச்சல் இருந்தது. ஆனால் ஆட்கள் இருந்தார்கள். இப்போது கேட்டால் இரைச்சல் இல்லை, ஆட்களும் கொஞ்சம் மெலிந்துவிட்டார்கள்.

நான்கு மணிக்கு மஞ்சுளாவிடம் சொன்னேன். படிவம், கையெழுத்து, அறுபத்து நான்கு, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் சந்தோஷப்படுவார், நன்றி சொல்வார் என்று மனதில் எங்கோ எதிர்பார்த்திருக்கிறேன் என்பது, அவர் அதைச் செய்யாதபோதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் முதலில் பல் மருத்துவமனைக்குப் போன் செய்து டோக்கனை ரத்து செய்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஆறு மாசம் சார். என் நாக்கு சரியில்லன்னு நெனச்சிக்கினு இருந்தேன். ரயில்ல வாய்க்குள்ளயே 'ச' சொல்லிப் பாத்துக்கினே வருவேன். எதிர்ல உக்காந்தவங்க ஒரு மாதிரி பாப்பாங்க. நீங்க தெனம் என்ன பாக்கறீங்க. ஒரே ஒரு தடவ கூட என்ன ரேடியோல கேக்கலயா?"

"இல்லம்மா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். மறுநாளைக்கு எழுத வேண்டும் என்று சொல்லிப் போய்விட்டார்.

வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது மஞ்சுளா கேட்ட அந்தக் கேள்வியைத்தான். சோதனை எப்படி நடத்துவது என்பதை உங்கள் படிப்பே உங்களுக்குச் சொல்லும். எந்த எண் போதும் என்று விவாதம் வரும்போது, நீங்கள் பேசுவது யாரைப் பற்றி என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அந்த ஆள் அநேகமாகப் பக்கத்து அறையில்தான் இருப்பார், தன் தாளில் எதையோ சிவப்பு மையில் அடித்துக்கொண்டு.

அன்று மாலை பட்டரவாக்கம் நிலையத்துக்குப் போகும் வழியில், கையடக்க ரேடியோ ஒன்றும் பேட்டரியும் வாங்கினேன்.

அக்டோபர் 13, வெள்ளிக்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்ததும், மோட்டாரைக்கூடப் போடாமல், முதல் வேலையாக அந்த ரேடியோவைச் சமையலறை ஜன்னலில் வைத்துத் திருகினேன். ஆறு முப்பதுக்கு மஞ்சுளா வந்தார். நின்றபடியே அரை மணி நேரமும் கேட்டேன். ஒவ்வொரு முறையும் நேரம் சொல்வதற்கு முன் அவர் சின்னதாக ஒரு மூச்சு இழுத்துக்கொள்கிறார். ஆறு மாதமாக என் கோப்புகளில் எதிலும் அந்த மூச்சு இருந்ததில்லை.